பாலா, தண்ணீரா?

ராயபுரத்தில் கிளம்பி, காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கடலோரமாகவே எண்ணூர் வரை போகிறவர்கள் இரண்டு சங்கதிகளைக் கவனிக்காமல் இருக்க முடியாது. ஒன்று, கன்டெய்னர் லாரிகளின் முடிவில்லாத வரிசை. மற்றொன்று, அந்த லாரிகள் கிளப்புகிற புழுதிக்கு மேலே, மொட்டை மாடிகளில் தகரக் கொட்டகை போட்டு நடக்கிற தேகப்பயிற்சிக் கூடங்கள். நாலு இரும்புத் தண்டும், ஆளுயரக் கண்ணாடி ஒன்றும், சுவரில் ஓர் ஆஞ்சநேயர் படமும் இருந்துவிட்டால் 'ஜிம்' தயார். சாயங்காலம் வேலை விட்டு வந்த வாலிபர்கள் அங்கே இரும்பைத் தூக்கிய பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு சர்ச்சை செய்கிறார்கள். அரசியல் சர்ச்சையோ சினிமாச் சர்ச்சையோ அல்ல. புரோட்டீன் பவுடரைப் பாலில் கலந்து குடிப்பதா, தண்ணீரில் கலந்து குடிப்பதா என்பதே அந்தச் சர்ச்சை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரில்தான் கலக்க வேண்டும். பாலில் கலப்பது அறிவுக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது.

கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு டம்ளருக்குள் எதை ஊற்றுவது என்பது வைத்தியர்களும் பயில்வான்களும் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்தானே என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வீட்டில் பால் யாருக்குப் போகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், அந்த வீட்டைப் பற்றி முக்கால்வாசி தெரிந்துகொண்ட மாதிரி. கதை எழுதுகிறவனுக்கு வேறென்ன வேலை?

முதலில் அறிவின் பக்கத்தைப் பார்ப்போம். அந்த டின்னுக்குள் இருக்கிற பவுடர் என்ன? கடைக்காரர்கள் 'வே புரோட்டீன்' என்கிறார்கள். என்னவோ ரசாயனசாலையில் பிறந்த அபூர்வ வஸ்து என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் பன்னீர் செய்ய பாலைத் திரித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டால், பாத்திரத்தில் மஞ்சளும் பச்சையுமாகத் தெளிநீர் வடியுமே, அதற்குத்தான் அந்தப் பெயர். மேல்நாட்டுச் சீஸ் தொழிற்சாலைகளில் பத்து லிட்டர் பாலைத் திரித்தால் சுமார் ஒரு கிலோ சீஸும் மிச்சமெல்லாம் இந்தத் தெளிநீரும் கிடைக்கும். நெடுங்காலம் இதைப் பன்றிகளுக்கு ஊற்றினார்கள், வயல்களில் விட்டார்கள், ஆற்றில் கொட்டி ஆற்றைக் கெடுத்தார்கள். ஆற்றில் கொட்டக்கூடாது என்று சட்டங்கள் இறுகிய பிறகு, 1970-களில் நுண்ணிய சவ்வுகளால் வடிகட்டும் முறை கைவந்த பிறகு, அதிலிருந்த கொஞ்சநஞ்சப் புரதத்தைத் தனியே பிரித்துக் காயவைத்துப் பொடியாக்கினார்கள். தெளிநீரில் நூற்றுக்கு ஒரு பங்கு கூடப் புரதம் இல்லை; மற்றதெல்லாம் பெரும்பாலும் தண்ணீரும் பால் சர்க்கரையுமே. அந்த ஒரு பங்குக்கும் குறைந்ததைத் திரட்டியதுதான் டின்னில் இருக்கிறது.

நல்ல காரியம்தான். வீணாய்ப் போனதைப் பயன்படுத்திக் கொண்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதன் வேடிக்கையைப் பாருங்கள். எங்கோ ஒரு தேசத்தில் பாலிலிருந்து சீஸை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய தண்ணீரை வடிகட்டி, உலர்த்தி, டின்னில் அடைக்கிறார்கள். அது கப்பலேறிக் கடல் தாண்டி வருகிறது. அப்படி வந்த பெட்டிகளில் ஒன்றைத் துறைமுகத்தில் இந்தப் பையன்களில் ஒருவனே இறக்கியிருக்கவும் கூடும். பிறகு அதே பொடியை இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி, மறுபடியும் பாலிலேயே கலக்கிறான்! பாலிலிருந்து பிரித்ததைப் பாலோடு சேர்ப்பதற்கு இத்தனை கப்பல் செலவா? பால் வாங்கக் காசு இருக்கிறவனுக்குப் பொடியின் அவசியம் பெரிதாக இல்லை. பொடி வாங்கிவிட்டவனுக்குப் பாலின் அவசியம் இல்லவே இல்லை.

பால் கட்சியாரிடமும் வாதங்கள் உண்டு. அவற்றை நான் மறைக்கப் போவதில்லை. கால் லிட்டர் பாலில் ஏழு எட்டு கிராம் புரதம் கூடுதலாகக் கிடைக்கிறது என்கிறார்கள். உண்மை. பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் நாலு பங்கு 'கேசீன்' என்ற வகை. அது வயிற்றில் தயிர் போல உறைந்து மெதுவாக ஜீரணமாகும். ஆகையால் சத்து நிதானமாகச் சேரும் என்கிறார்கள். அதுவும் உண்மை. ஆனால் இவற்றால் என்ன நிரூபணமாகிறது? அந்த ஏழு எட்டு கிராமை இரண்டு கைப்பிடி பொட்டுக்கடலையும் கொடுக்கும். மெதுவாக ஜீரணமாவதும் வேகமாக ஜீரணமாவதும் அந்த மணி நேரத்துக் கணக்கு. தசை வளர்வது நாள் முழுவதும் சாப்பிட்ட மொத்தக் கணக்கில். சோறும் பருப்பும் முட்டையும் மீனும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவனுக்கு, டம்ளரில் பால் இருந்ததா தண்ணீர் இருந்ததா என்பது அவன் புஜத்துக்குத் தெரியப் போவதில்லை.

வயிற்றுக்கு மட்டும் தெரியும். நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஏராளமானோருக்குப் பால் சர்க்கரை சரியாக ஜீரணமாவதில்லை. மலிவான பவுடர்களில் அந்தச் சர்க்கரை ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறது. அதன் தலையில் இன்னும் கால் லிட்டர் பாலையும் ஊற்றினால் வயிறு உப்பிக்கொண்டு கடமுடா என்கிறது. பையன் அதையும் பலம் ஏறுகிற அடையாளம் என்று எடுத்துக்கொள்கிறான்.

உடம்பை வளர்க்க ஆசைப்படுகிற அந்தப் பையனைப் பரிகாசம் செய்வதற்காக இதை எழுதவில்லை. பரிகாசம் செய்கிறவர்கள் நம் பக்கத்தில்தான் நிறைய இருக்கிறார்கள். குளிர்ச்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, காசிமேட்டுப் பையன் மூவாயிரம் ரூபாய்க்கு டின் வாங்குவது சிரிப்பாக இருக்கிறது. உடம்பு ஒன்றைத்தான் முதலாகப் போட்டுப் பிழைக்க வேண்டியவன், அந்த முதலைப் பெருக்கப் பார்ப்பதில் என்ன சிரிப்பு? சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை கட்டிக் குத்துச்சண்டை போட்ட மண் அது. 2021-ல் ஒரு சினிமா வந்த பிறகுதான் நம்மில் பல பேருக்கு அந்தப் பெயர்கள் தெரிந்தன. ஆசை நியாயமானது. அந்த ஆசையின் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிற பொய்களைத்தான் நான் எதிர்க்கிறேன்.

திருவொற்றியூரில் அப்படி ஒரு கூடத்தின் வாசலில் கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிற ஒரு பையனோடு பேசிக்கொண்டிருந்தேன். இருபது, இருபத்தொரு வயசு இருக்கும். கையில் பால் கலந்த ஷேக்கர்.

"தண்ணியிலே கலந்தா என்ன தம்பி?" என்று கேட்டேன்.

"தண்ணில கலந்தா ஒடம்புல ஒட்டாதுன்னு மாஸ்டர் சொல்றாரு சார். பால்லதான் ஏறுமாம்."

"வீட்டிலே எவ்வளவு பால் வாங்குறீங்க?"

"அர லிட்டர். காலைல டீக்குக் கொஞ்சம். மீதி அக்கா கொயந்தைக்கு."

"இப்போ?"

அவன் ஷேக்கரைப் பார்த்தான். "கொயந்தைக்கும் டீ போட்டுக் குடுத்துர்றாங்க சார்" என்றான்.

இந்த இடத்தில்தான் விஷயம் பயில்வான்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. அரை லிட்டர் பாலில் கால் லிட்டரை ஷேக்கர் குடித்துவிட்டால் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட வாத்தியார் வேண்டாம். பணம் நிறைந்த வீட்டில் பால் கூடுதலாக வேண்டுமென்றால் இன்னொரு பாக்கெட் வாங்குவார்கள். தினக்கூலி வீட்டில் கூடுதல் என்று ஒன்று கிடையாது. ஒருவர் டம்ளர் நிறைந்தால் இன்னொருவர் டம்ளர் குறையும். வளர்ந்து முடிந்த ஆணின் டம்ளருக்காக, வளர வேண்டிய குழந்தையின் டம்ளர் குறைகிறது. அந்தப் பையன் கெட்டவன் அல்லன். தண்ணீரில் ஒட்டாது என்று யாரோ சொன்ன பொய்யை நம்பினான், அவ்வளவுதான். அந்தப் பொய்க்கு விலை கொடுக்கிறவளுக்கு மூன்று வயசு. அவள் ஜிம்முக்குப் போவதில்லை.

யாரோ சொன்ன பொய் என்றேன். யார் அந்த யாரோ? மாஸ்டரைப் பிடித்துத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று பார்க்க வேண்டாம். டின்னுக்குள் இருக்கிற பொடியைப் பாலில் கலந்தால்தான் மரியாதை என்று இந்த ஊருக்குக் கற்றுக் கொடுத்தது மத்தியதர வர்க்கம். ஹார்லிக்ஸின் சரித்திரத்தைப் பாருங்கள். ஹார்லிக் சகோதரர்கள் அமெரிக்காவில் மால்ட்டையும் பாலையும் சேர்த்து உலர்த்திச் செய்த பொடி அது. 1883-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதன் பெருமையே வெந்நீரில் கலந்து குடித்தால் போதும் என்பதுதான். பால் பொடிக்குள்ளேயே இருக்கிறது அல்லவா? பால் கிடைக்காத இடத்திலும், நோயாளிக்கும் குழந்தைக்கும் உதவட்டும் என்று வந்த சாமான் அது. நம் வீடுகளில் அதற்கு என்ன கதி நேர்ந்தது? வெந்நீரில் கலந்து கொடுத்தால் விருந்தாளி என்ன நினைத்துக்கொள்வார் என்று, ஒரு சொட்டுத் தண்ணீர் படாத கள்ளிச்சொட்டுப் பாலில் கலக்க ஆரம்பித்தோம். தண்ணீரில் கலப்பது வறுமையின் அடையாளம். பாலில் கலப்பது கௌரவத்தின் அடையாளம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு அம்மா பாலில் கலந்த கிளாஸை நீட்டுகிற விளம்பரத்தை இரண்டு மூன்று தலைமுறைகளாகப் பார்த்து வளர்ந்திருக்கிறோம். இந்தப் பொடிகளை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பில் போட்டு விற்கக்கூடாது என்று இணைய அங்காடிகளுக்கு மத்திய அரசு சொன்னதே 2024 ஏப்ரலில்தான். அதற்குள் நமக்குப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. அந்த ரத்தம் மயிலாப்பூரிலிருந்து காசிமேட்டுக்கு ஓடியிருக்கிறது. வேறொன்றும் இல்லை.

இத்தனைக்கும் பொடியும் தண்ணீரும் இந்த ராஜ்யத்துக்குப் புதிதல்ல. 1960-களில் பள்ளிக்கூட மதிய உணவுக்குக் 'கேர்' நிறுவனத்தின் வழியாக அமெரிக்காவிலிருந்து பால்பொடி வந்தது. அதைத் தண்ணீரில் கரைத்துத்தான் பிள்ளைகளுக்கு ஊற்றினார்கள். யாரும் அதைக் கொண்டுபோய்ப் பாலில் கரைக்கவில்லை. அங்கன்வாடிகளில் தருகிற சத்துமாவு இருக்கிறது: கோதுமையும் முளைகட்டிய கேழ்வரகும் கடலையும் வெல்லமும் சேர்ந்தது. அதை வெந்நீரில் பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுக்கிறார்கள். தானியப் புரதத்தில் குறைகிற 'லைசின்' என்ற சத்தைப் பருப்பு ஈடுகட்டுகிறது. பருப்பில் குறைகிறதைத் தானியம் ஈடுகட்டுகிறது. புரோட்டீன் பவுடர் என்றால் இதுவும் புரோட்டீன் பவுடர்தான். டின்னும் இல்லை, புஜத்தை முறுக்கிக் காட்டுகிற படமும் இல்லை. ஆகவே கௌரவமும் இல்லை!

டின்னைப் பற்றியே இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஓர் ஆளுக்கு உடம்பின் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது. அறுபது கிலோ ஆளுக்கு ஐம்பது கிராம். இரும்பு தூக்குகிறவனுக்கு இன்னும் வேண்டும்தான். ஆனால் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் தசைக்கு மேலும் லாபம் இல்லை என்று 2024 மே மாதம் வெளியிட்ட அதன் வழிகாட்டியே சொல்கிறது. இந்தப் பவுடர்களை வழக்கமாகச் சாப்பிடுவது நல்லதல்ல என்றும் அதில் இருக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில் 'மெடிசின்' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆராய்ச்சி வந்தது. இந்தியாவில் விற்கிற 36 பவுடர்களைச் சோதித்துப் பார்த்ததில், நூற்றுக்குச் சுமார் எழுபது டின்களில் எழுதியிருந்த புரதக் கணக்கு சரியாக இல்லை. சிலவற்றில் எழுதியதில் பாதிதான் இருந்தது. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் இருந்தது. கணக்கில் குறைகிற புரதத்தைப் பால் ஊற்றிச் சரிக்கட்டிக் கொள்ளலாம் என்று யாராவது வாதாடினால், அவருக்கு என் பதில்: அப்படியானால் பாலை மட்டும் குடியுங்கள், டின்னைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பாலும் தண்ணீரும் போக வேறு கட்சிகளும் உண்டு. பழ ரசத்தில் கலக்கிறவர் புரதத்தோடு சர்க்கரையையும் சேர்த்துக் குடிக்கிறார். சூடான காபியில் கொட்டிக் கலக்கினால் பவுடர் திரிதிரியாகத் திரண்டுவிடும். புரதம் செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், முட்டை வெந்த மாதிரிதான் அதுவும். சத்துப் போகாது, வாய்க்குத்தான் வழங்காது. இளநீரில் கலக்கிறவருக்கு இளநீரும் கெட்டது, பவுடரும் கெட்டது. மோரில் கலப்பவரை மட்டும் நான் பொறுத்துக்கொள்வேன். மோரிலாவது பால் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது, பாதிக்கு மேல் தண்ணீர். ஆக, சுற்றிச் சுற்றி வந்தாலும் தண்ணீரிடம்தான் வந்து நிற்கிறோம்.

சர்ச்சை முடிந்துவிட்டது என்று நினைத்தீர்களானால், நீங்கள் நகரத்தின் தெற்கே குடியிருப்பவராக இருக்க வேண்டும். 'இருநூறு மில்லி குளிர்ந்த நீரில் கலக்கவும்' என்று டின்னின் முதுகில் எழுதியிருக்கிறதே, அதை எழுதியவர் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை யோசித்திருக்க மாட்டார். குழாயைத் திருகினால் வருகிற சாமான்தானே என்று எழுதிவிட்டார். எண்ணூரில் அந்த இருநூறு மில்லிதான் கஷ்டமான பாதி.

வடசென்னையின் தண்ணீர்க் கதை பழசு. 1772-ல் இந்த நகரத்தின் முதல் ஒழுங்கான குடிநீர் ஏற்பாடே வடக்கில்தான் நடந்தது. ஏழு கிணறு தோண்டிக் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டு போனார்கள். இன்றைக்கும் நகரம் குடிக்கிற புழல், சோழவரம், பூண்டி ஏரிகள் வடக்கிலும் வடமேற்கிலும் இருக்கின்றன. மீஞ்சூர்ப் பக்கத்து மண்ணுக்கடியில் நல்ல நீர் ஊற்று இருந்தது. நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் என்று அதை உறிஞ்சினார்கள். உறிஞ்சிய இடத்தில் கடல் நுழைந்தது. நிலத்தடியில் உப்பு ஏறி வருவதை 1960-களிலேயே நிபுணர்கள் கண்டுகொண்டார்கள்; கண்டுகொண்ட பிறகும் உறிஞ்சுவது நிற்கவில்லை. கிணற்றில் உப்பை வரவழைத்துவிட்டு, பிறகு கடலிலிருந்து உப்பை எடுக்க இயந்திரம் வைத்தோம். மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில் 2010-ல் திறந்த அந்த ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரக்கூடியது. கொடுங்கையூரில் சாக்கடை நீரைச் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்கு நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கொடுக்கிற ஏற்பாடும் 2019-ல் வந்தது. நல்ல காரியங்களை நல்லவை என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனாலும் தெருமுனையில் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்பது நின்றபாடில்லை. நான்கு ஏரிகளும் வறண்ட 2019 கோடையில் அந்தக் குடங்களின் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அந்த வருஷம்தான் மற்றவர்களுக்கு அது செய்தி. இந்தத் தெருக்களுக்கு அது தினசரி.

குழாய்த் தண்ணீரில் நம்பிக்கை போனவன் என்ன செய்வான்? கேன் தண்ணீர் வாங்குவான். புரதத்துக்கு ஒரு டின், தண்ணீருக்கு ஒரு கேன் என்று இரண்டுக்கும் காசு. அந்தக் கேனும் டின்னைப் போலத்தான். மேலே ஒட்டியிருக்கிற காகிதத்தை நம்பிக் குடிக்க வேண்டும். அடைத்து விற்கிற குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவுப் பொருள்களின் பட்டியலில் சேர்த்து அடிக்கடி சோதிக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2024 நவம்பரில் உத்தரவு போட்டது. கொஞ்சம் வசதியானவன் வீட்டுக்குள் சுத்திகரிப்பு இயந்திரம் மாட்டுகிறான். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஒரு குடத்துக்கு மேல் கழிவாகப் போகிறது. அதையும் செய்ய முடியாதவன் லாரித் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைக்கிறான். பாலில் கலக்கிற பையன்களில் சிலர் என்னிடம் நேரடியாகவே சொன்னார்கள்: பால் பாக்கெட்டை நம்பலாம், தண்ணீரை நம்ப முடியாது என்று. இந்த ஒரு வாதத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

இந்தக் கடற்கரைக்காரனுக்கு டின்னே எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. காசிமேட்டில் இறங்குகிற மத்தி மீன் நூறு கிராமில் சுமார் இருபது கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கரண்டி பவுடருக்கு அது ஏறக்குறைய சமம். ஆனால் மீனும் ஒரு திரவத்தில்தான் வளர்கிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் குழாய் உடைந்து கலந்து கலந்து ஆற்றின் அடி மேடாகிவிட்டது. 2017 ஜனவரி 28-ல் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு எண்ணெய் கொட்டியபோது, அதை வாளியால் அள்ளினார்கள், உலகமே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படர்ந்தது. படகும் வலையும் கறுப்பாயின. மீனை வாங்க ஆள் இல்லாமல் போயிற்று. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த புரதத்தை எண்ணெயிலும் சாம்பலிலும் ஊறப் போட்டுவிட்டு, அதே கரையில் கப்பலிலிருந்து டின்னை இறக்கி விற்கிறோம். விற்றபிறகு, எதில் கலப்பது என்று அவர்களையே சண்டை போட்டுக்கொள்ளச் சொல்கிறோம்.

ஒரு டம்ளர் தண்ணீருக்குள் இத்தனை விவகாரத்தை இழுத்து வந்துவிட்டேனே என்று சலித்துக்கொள்வீர்கள். நான் இழுத்து வரவில்லை. டம்ளரை ஓர் உலுக்கு உலுக்கினேன். அடியில் தங்கியிருந்தது மேலே வந்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. பவுடர் வாங்கித்தான் தீருவேன் என்கிற தம்பி, தண்ணீரில் கலந்து குடிக்கட்டும். பலம் ஒன்றும் குறைந்துவிடாது, உடம்பில் ஒட்டும், நன்றாகவே ஒட்டும். பால், அந்த வீட்டுக் குழந்தையின் டம்ளருக்குத் திரும்பிப் போகட்டும். மாஸ்டர்கள் அந்தக் கூடத்துச் சுவரில் ஆஞ்சநேயருக்குப் பக்கத்தில் இதை எழுதி ஒட்டினாலும் எனக்குச் சம்மதம்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த தடவை எந்தப் பொடியைக் கலந்து கொடுத்தாலும், பாலில் கலந்தால்தான் கௌரவம் என்கிற எண்ணத்தை முதலில் கீழே கொட்டிவிடுவோம். பாலா, தண்ணீரா என்று யாராவது கேட்டால், தண்ணீர் என்று தயங்காமல் சொல்வோம். சொன்ன கையோடு, திருவொற்றியூரில் அந்தத் தண்ணீர் எந்தக் குழாயில் வருகிறது என்று மாநகராட்சி மன்றத்திலும் சட்டசபையிலும் கேட்கிறவர்களோடு நாமும் நின்று கேட்போம். ஒரு பையன் நம்பிக் குடிக்கக்கூடிய இருநூறு மில்லி தண்ணீரைக் குழாயில் கொடுக்க முடியாத நகரத்துக்கு, அவன் பாலில் கலக்கிறானே என்று புத்தி சொல்கிற யோக்கியதை கிடையாது.